ரோபோ மன்னிப்புக் கேட்டால் அம்மா திரும்ப நம்புவாரா?

#1 தேக்காவாசி (சிங்கப்பூர்)

வணக்கம். இதைத் தொழில்நுட்பப் பகுதியில் போடுவதா, குடும்பப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. மட்டுறுத்துநர் எங்கே நகர்த்தினாலும் சரி.

அம்மாவுக்கு 78 வயது. வார நாள்களில் முதியோர் பகல்நேர மையத்துக்குப் போய்வருகிறார். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு சமூக ரோபோ இருக்கிறது. உடற்பயிற்சி செய்ய வைக்கும், பழைய பாட்டுப் போடும், மதிய மாத்திரை போட்டாயிற்றா என்று ஒவ்வொருவரிடமும் வந்து விசாரிக்கும். தமிழில் சில வாக்கியங்கள் பேசும். அம்மாவுக்கு அதைப் பிடித்துப்போயிருந்தது. பேரனை விசாரிப்பதுபோல அதனிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்.

போன மாதம் ஒரு பிற்பகலில் தலை சுற்றுகிறது என்று அதனிடம் சொல்லியிருக்கிறார். "தாதியிடம் தெரிவித்துவிட்டேன்" என்றது. யாரும் வரவில்லை. அம்மா அப்படியே நாற்காலியில் காத்திருந்தார். தேநீர் நேரத்தில் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த தாதிதான் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் எடுத்தார். குறைந்திருந்தது. நல்லவேளையாகப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

வைஃபை துண்டித்துப்போனதால் செய்தி தாதியின் கைப்பேசிக்குப் போகவே இல்லையாம். மறுநாள் ரோபோ அம்மா முன்னால் வந்து நின்று, கண் விளக்கை மங்கவைத்து, தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டது. ஊழியர்கள் செய்த ஏற்பாடு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அது பக்கத்தில் வந்தால் தோள்துண்டை எடுத்து அதன் தலைமேல் போட்டுவிடுகிறார். "அது பொய் சொல்லியது" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்.

அடுத்த வாரம் மையத்தில் குடும்பத்தினர் கூட்டம். அம்மாவின் நம்பிக்கையை எப்படி மீட்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். மீட்கத்தான் வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. என்ன சொல்லட்டும்?

#2 நையாண்டி நாகு

முதல் வேலையாக அம்மாவுக்கு இன்னும் இரண்டு துண்டு வாங்கிக் கொடுங்கள்.

#3 இயந்திரப்பித்தன் (ஜெர்மனி)

மனித–ரோபோ உறவு பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருப்பவன் நான். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துறையில் நம்பிக்கை என்றாலே 1995-இல் மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகியோர் எழுதிய கட்டுரையில்தான் தொடங்குவார்கள். ஒருவரை நம்பும்போது நாம் பார்ப்பவை அவருக்கு வேலை தெரியுமா, நம்மீது அக்கறை உண்டா, நேர்மையாக நடந்துகொள்வாரா என்பவை. நிறுவனங்களில் வேலை பார்க்கும் மனிதர்களுக்காக எழுதப்பட்டதை நாங்கள் ரோபோவுக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

உங்கள் அம்மா விஷயத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது எது தெரியுமா? ரோபோவைச் செய்த பொறியாளரைக் கேட்டால், "திறமையில் கோளாறு, வைஃபை போய்விட்டது" என்பார். அம்மாவோ நேர்மையில் கோளாறு என்கிறார். நடந்தது ஒன்று, வழக்கு இரண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து பலிக்காது.

2004-இல் கிம், ஃபெரின், கூப்பர், டர்க்ஸ் என்ற நால்வர் மனிதர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணக்காளர் வேலைக்கான நேர்காணல் ஒன்றின் காணொளியைக் காட்டினார்கள். விண்ணப்பதாரர் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வாடிக்கையாளரின் வரிக்கணக்கைத் தவறாகத் தாக்கல் செய்தவர் என்று குற்றச்சாட்டு. சட்டம் சரியாகத் தெரியாமல் செய்தார் என்று சொல்லப்பட்டபோது, மன்னிப்புக் கேட்டவரை ஏற்றுக்கொண்டார்கள். தெரிந்தே செய்தார் என்று சொல்லப்பட்டபோது மன்னிப்பு அவருக்குப் பாதகமாகவே முடிந்தது, மறுத்தவர் தப்பித்தார். தெரியாமல் செய்தவன் நாளை கற்றுக்கொள்வான் என்று விட்டுவிடலாம். தெரிந்தே செய்ததாக ஒப்புக்கொண்டவனிடம் இனி என்ன எதிர்பார்ப்பது? மனித மனம் அப்படித்தான் கணக்குப் போடுகிறது.

அம்மா இதைப் பொய் என்று பதிவு செய்துவிட்டார். அதனால்தான் மன்னிப்பு எடுபடவில்லை. 'ஆக, பொய் சொன்னதை ஒத்துக்கொள்கிறாய்' என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

இன்னொன்று, நேரம். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ராபினெட், ஹோவர்ட், வாக்னர் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் உருவாக்கிய ஒரு கட்டடத்துக்குள் ரோபோ தப்பான வழியில் அழைத்துப்போனது. தவறிய கையோடு கேட்ட மன்னிப்பு பெரிதாக உதவவில்லை. மறுபடியும் இதன் பின்னால் போவதா வேண்டாமா என்று ஆள் யோசிக்கும் நேரத்தில் கேட்ட மன்னிப்பும் கொடுத்த வாக்குறுதியும் பலன் தந்தன. அம்மாவிடம் மறுநாள் காலையில் போய்த் தலைகுனிந்ததைவிட, அடுத்த தடவை அவர் உடம்புக்கு ஏதாவது சொல்லும்போது, "சென்ற முறை செய்தி போய்ச் சேரவில்லை. இந்த முறை தாதி பார்த்ததை உறுதி செய்துகொண்டு சொல்கிறேன்" என்றிருந்தால் பலித்திருக்கும் என்பது என் கணிப்பு.

#4 கும்பகோணத்தார்

தம்பி இயந்திரப்பித்தனின் பதிவை இரண்டு தரம் படித்தேன். படிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் அடிப்படையில் ஓர் இடறல்.

மன்னிப்புக் கேட்டது யார்? ரோபோவா? அதற்கு வைஃபை போனதும் தெரியாது, அம்மா காத்திருந்ததும் தெரியாது. ஊழியர் ஒருவர் பொத்தானை அழுத்தினார், அது தலை குனிந்தது. தவறு செய்தவர் எங்கோ இருக்க, கூலிக்கு ஆள் வைத்து மாரடித்த கதை. அம்மா துண்டைப் போட்டு மூடியதில் எனக்கு வியப்பே இல்லை.

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். பாஸ்புத்தகத்தில் தவறான பதிவு விழுந்துவிட்டால் என்ன செய்வோம்? சிவப்பு மையில் அடித்து, சரியான தொகையை எழுதி, எழுத்தர் சுருக்கொப்பம் போடுவார். அதிகாரி மேலொப்பம் இடுவார். வாடிக்கையாளர் எங்கள் முகத்தில் தெரிந்த வருத்தத்தையா பார்த்தார்? அந்த இரண்டு ஒப்பத்தைப் பார்த்தார். நாளை மறுபடியும் தவறினால் யார் சட்டையைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரிந்தது. அது போதும்.

எங்கள் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 2016 நவம்பரில் சென்னையில் லட்சுமி என்று ஒரு ரோபோவை அறிமுகம் செய்தது. இந்தியாவின் முதல் வங்கி ரோபோ என்று பேப்பரில் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: கணக்கு விவரம் மாதிரியான அந்தரங்கமான பதில்களை அது வாய்விட்டுச் சொல்லாது, திரையில் காட்டும். பின்னால் நிற்பவன் காதில் உங்கள் இருப்பு விழக் கூடாது என்று யாரோ ஒரு வங்கிக்காரர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நம்பிக்கை அங்கே பிறக்கிறது. கண் விளக்கு மங்குவதிலோ பிரகாசிப்பதிலோ இல்லை.

#5 செவிலி மதுரை

ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் என் கவலை வேறு இடத்தில்.

எல்லோரும் அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டது என்கிறீர்கள். அன்றைக்கு நடந்ததைத் திருப்பிப் பாருங்கள். தலை சுற்றுகிறது. பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். கையைத் தட்டிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஏன்? 'சொல்லியாகிவிட்டது' என்று அது சொன்னதை அவ்வளவு நம்பினார். அன்றைக்கு ஆபத்தை உண்டாக்கியது கூடுதலான நம்பிக்கை.

வார்டில் எங்களுக்கு இரண்டு பக்கமும் அனுபவம் உண்டு. மானிட்டர் காரணமே இல்லாமல் கூவிக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் காது மரத்துப்போகும். உண்மையில் கூவும்போதும் மெதுவாகத்தான் எழுந்து போவோம். இதற்கு அலாரம் சோர்வு என்றே பெயர். இன்னொரு பக்கம், புதிதாக வந்த பிள்ளைகள் திரையில் ஆக்சிஜன் அளவு 97 என்று இருந்தால் நோயாளியின் உதடு நீலமாக இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். விரலில் மாட்டும் கிளிப் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க மாட்டார்கள்.

இந்த ரோபோவைச் செய்தவர்கள் ஒரு ராத்திரி எங்களோடு டியூட்டி பார்த்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. டாக்டர் தொலைபேசியில் மருந்து சொன்னால் நாங்கள் எழுதிக்கொண்டு, மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிப் படித்துக் காட்டுவோம். அந்தப் பக்கத்திலிருந்து "ஆமாம், சரி" என்று வந்த பிறகுதான் அது உத்தரவு. ரோபோ செய்தியை அனுப்பியதுமே 'தெரிவித்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறது. தாதி தன் கைப்பேசியில் 'பார்த்தேன்' என்று அழுத்திய பிறகே அதைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அழுத்தவில்லை என்றால், "பதில் வரவில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வைஃபை இல்லாவிட்டாலும் சத்தம் போட ஸ்பீக்கர் இருக்கிறது அல்லவா?

#6 இயந்திரப்பித்தன் (ஜெர்மனி)

அக்கா, முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். கும்பகோணத்து ஐயாவுக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

அதே ஜார்ஜியா டெக் குழு 2016-இல் இன்னொரு சோதனையை வெளியிட்டது. இந்த முறை உண்மையான கட்டடம், உண்மையான ரோபோ. முதலில் ஒவ்வொருவரையும் ரோபோ ஓர் அறைக்கு அழைத்துப்போனது. பாதிப் பேரிடம் வேண்டுமென்றே தடுமாறியது, வேறு அறைக்குள் நுழைந்து வட்டமடித்தது. பிறகு அறையில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் செயற்கைப் புகையைக் கிளப்பி, தீ எச்சரிக்கை மணியை ஒலிக்கவிட்டார்கள். ரோபோ, அவர்கள் உள்ளே வந்த கதவை விட்டுவிட்டு, பின்பக்கம் கண்ணில் படாத ஒரு வழியைக் காட்டியது. 26 பேரும் அதன் பின்னாலேயே போனார்கள். சற்று முன் அது வழி தவறியதைக் கண்ணால் பார்த்தவர்களும் போனார்கள். பிறகு சிறிய அளவில் செய்த சோதனையில், மரச்சாமான்கள் அடைத்துக் கிடந்த இருட்டறையைக் காட்டியபோதுகூடச் சிலர் உள்ளே போகப் பார்த்தார்கள். சோதனைக்கு முன்னால், ரோபோ தவறியதைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள் என்றுதான் ஆய்வாளர்களே எண்ணியிருந்தார்கள்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2015-இல் செய்ததும் இதே ரகம். வீடு மாதிரி அமைத்த இடத்தில் ரோபோ, பூச்செடிக்கு ஆரஞ்சுச் சாறு ஊற்றச் சொன்னது. ஊற்றினார்கள். கோளாறு காட்டிய ரோபோ சொல்லியும் பலர் ஊற்றினார்கள். வாயால் கேட்டால் 'அதை அவ்வளவாக நம்பவில்லை' என்கிறார்கள், கை மட்டும் சொன்னதைச் செய்கிறது.

அதனால்தான் 2004-இல் லீ, ஸீ இருவரும் எழுதிய கட்டுரையைப் பாடப்புத்தகம்போல மேற்கோள் காட்டுகிறோம். இயந்திரத்தின் உண்மையான திறனுக்கு ஏற்ற அளவு நம்பிக்கை வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதற்கு மேலே போனால் கண்மூடித்தனம், கீழே போனால் இருக்கும் நல்ல கருவியும் வீண். பாட்டுப் போடுவதில் அந்த ரோபோவை அம்மா முழுக்க நம்பலாம். மயக்கம் வந்தால் நம்பக் கூடாது.

#7 நையாண்டி நாகு

சீரியஸாகவே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? ஜப்பானில் நாகசாகி பக்கம் ஹென்னா ஹோட்டல் என்று ஒன்று 2015-இல் திறந்தார்கள். வரவேற்பறையில் டைனோசர் ரோபோ, அறைக்குள் சூரி என்று ஒரு குட்டி பொம்மை ரோபோ. விருந்தாளி குறட்டை விட்டால் சூரி அதைக் கட்டளை என்று நினைத்துக்கொண்டு, "மன்னிக்கவும், புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று எழுப்பிவிடும். மறுபடி தூங்கினால் மறுபடி குறட்டை, மறுபடி மன்னிப்பு. 2019-இல் 243 ரோபோக்களில் பாதிக்குமேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்து மளிகைக் கடையில் ஃபேபியோ என்று ஒரு ரோபோ, பெப்பர் என்ற மனித உருவ ரகம். பீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் "மதுபானப் பகுதியில்" என்று பதில் சொல்லும். அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர எல்லாத் தகுதியும் இருந்தது. பாவம், ஒரே வாரத்தில் 2018-இல் வேலை போய்விட்டது.

ஒன்று கவனித்தீர்களா? இந்த இரண்டின் மீதும் நமக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

#8 இயந்திரப்பித்தன் (ஜெர்மனி)

நாகு விளையாட்டாகச் சொன்னதற்கும் ஆய்வு இருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நாவோ என்ற சிறிய ரோபோ ஒரு குழுவிடம் தடுமாறியது, மற்றொன்றிடம் பிசகாமல் நடந்துகொண்டது. தடுமாறிய ரோபோவைத்தான் மக்கள் அதிகம் விரும்பினார்கள். ஆனால் அங்கே யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. பிடிப்பது வேறு, நம்புவது வேறு. நம் நிறுவனங்கள் முதலாவதை வளர்த்துவிட்டு இரண்டாவது கிடைத்துவிட்டதாகக் கணக்கு எழுதுகின்றன.

#9 நெய்வேலி நிலா

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், பொறுக்க முடியவில்லை. எல்லோரும் இயந்திரத்தைத் திட்டுவதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டீர்கள்.

அப்பாவுக்கு மறதி நோய். ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் பத்துத் தடவை கேட்பார். ஐந்தாவது தடவை என் குரலில் எரிச்சல் வந்துவிடும். இயந்திரத்துக்கு வராது. ஜப்பானில் தகானோரி ஷிபாடா உருவாக்கிய பாரோ என்ற, சீல் என்னும் கடல் விலங்கின் குட்டி வடிவ ரோபோவை 2009-இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாகவே ஏற்றுக்கொண்டார்கள். நாயாகவோ பூனையாகவோ செய்யாமல் சீலாகச் செய்ததற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: நாயை நமக்குத் தெரியும், எனவே பொம்மை நாயிடம் குறை கண்டுபிடிப்போம். சீலைத் தொட்டு வளர்த்தவர் யார்? எதிர்பார்ப்பு குறைவு, ஏமாற்றமும் குறைவு. அது தாதியை அழைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காது. தடவினால் முனகும், அவ்வளவுதான்.

நியூயார்க் மாநிலத்தின் முதியோர் நலத்துறை 2022-இல் தனியாக வாழும் எண்ணூறுக்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு எல்லிக்யூ என்ற மேசை ரோபோவைக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவரிடம் போய் 'அளவோடு நம்புங்கள்' என்று உபதேசம் செய்வது, சாப்பிட்டுவிட்டு வந்தவர் பசித்தவருக்கு விரதத்தின் மகிமை சொல்வது மாதிரி.

அந்த அம்மாவுக்கு அந்த ரோபோவைப் பிடித்திருந்தது. இப்போது அவருக்கும் ஒரு இழப்பு. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

#10 கும்பகோணத்தார்

நிலா அம்மா, உங்கள் சிரமம் புரிகிறது. எரிச்சல் வராத துணை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தலை குனிவது, கண் மங்குவது இதெல்லாம் எதற்கு? இரக்கத்தை வாங்கிக் குறையை மறைப்பதற்கு. ஏமாற்று என்றே சொல்வேன்.

#11 நெய்வேலி நிலா

பூசாரி தலைகுனிந்தால் பக்தி, ரோபோ தலைகுனிந்தால் ஏமாற்றா ஐயா? கடைச் சிப்பந்தியின் புன்னகையும் சம்பளத்துக்குத்தான். அதற்காக யாரும் கடைக்குப் போகாமல் இல்லை.

#12 இயந்திரப்பித்தன் (ஜெர்மனி)

இரண்டு பேர் பக்கமும் ஆதாரம் இருக்கிறது, அதுதான் தொல்லை.

ஐயா பக்கம்: 2018-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்–எஸ்ஸன் பல்கலைக்கழகத்தில் வேலை முடிந்ததும் நாவோவை அணைக்கச் சொன்னார்கள். சிலரிடம் அது, "என்னை அணைக்காதீர்கள், இருட்டு எனக்குப் பயம்" என்று கெஞ்சியது. கெஞ்சல் கேட்ட 43 பேரில் 13 பேர் அணைக்கவே இல்லை. இந்த அளவுக்கு நம் மனம் வளையும் என்றால், அதை வளைக்கும் உரிமையை யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்பது நியாயம்.

நிலா பக்கம்: 2010-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மின் கியுங் லீ குழுவினர், ரோபோ கேட்ட பானத்தை விட்டு வேறொன்றைக் கொண்டுவரும் காட்சியைக் காட்டினார்கள். கடைக்காரரோடு உறவு பாராட்டும் ரகத்தினருக்கு மன்னிப்பு மனதைத் தொட்டது. காசுக்குச் சரக்கு, பேச்சில்லை என்ற ரகத்தினருக்கு ஈடு கொடுத்ததுதான் பிடித்தது. முன்கூட்டியே, 'இந்த வேலை எனக்குக் கொஞ்சம் கடினம்' என்று சொல்லிவிட்டால் தவறியபோது கோபம் குறைந்தது. ஆகவே தேக்காவாசி, அம்மா எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

#13 ஸ்காபரோ சிவா (கனடா)

நான் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இங்கிலாந்தின் பிளிமத்தில் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: எந்தக் கோடு நீளம் என்று கேட்கும் பழைய சோதனை, பக்கத்தில் வேண்டுமென்றே தவறான பதில் சொல்லும் ரோபோக்கள். பெரியவர்கள் மசியவில்லை. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் சொன்ன தவறான பதில்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ரோபோ சொன்னதையே அப்படியே திருப்பிச் சொன்னவை. கண்ணெதிரே கோடு இருக்கிறது, இருந்தும்!

இதைவிட என்னை உறுத்துவது வேறு. ரோபோ ஒரு தவறும் செய்யாமலே நம்பிக்கை உடையலாம். சிந்தியா பிரேசீல் உருவாக்கிய ஜிபோ என்ற வீட்டு ரோபோ 2014-இல் மக்களிடம் முன்பணம் திரட்டி, 2017-இல் வீடுகளுக்கு வந்தது. விலை 899 டாலர். 2019-இல் தன்னை இயக்கும் சர்வர்கள் விரைவில் நிறுத்தப்படும் என்று அதுவே வீட்டாரிடம் அறிவித்து விடைபெற்றது. 2024 டிசம்பரில் மாக்ஸி. பிள்ளைகளுக்கென்றே செய்த 799 டாலர் ரோபோ. நிறுவனத்துக்குப் பணம் கிடைக்கவில்லை, மூடுகிறோம் என்றார்கள். பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதம் வேறு! பிறகு வீட்டுக் கணினியிலிருந்தே அதை இயக்கும் மென்பொருளுக்கு வழி செய்ததை மட்டும் பாராட்டலாம். நண்பன் என்று சொல்லி விற்றுவிட்டு, நண்பனின் உயிரை மாதக் கட்டணத்தில் ஓடும் சர்வரில் வைப்பது என்ன நியாயம்?

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டு ஹிட்ச்பாட் என்ற ரோபோ 2014-இல் வழியில் போகிறவர்களிடம் லிஃப்ட் கேட்டே ஹாலிஃபாக்ஸில் தொடங்கி விக்டோரியா வரை கனடாவைக் கடந்தது. ரோபோக்கள் மனிதர்களை நம்பலாமா என்று பார்க்கத்தான் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியாவில் அடித்து நொறுக்கினார்கள்.

#14 கும்பகோணத்தார்

சிவா சொன்னதற்கு நேரெதிராக ஒன்று. சோனியின் ஐபோ நாய் 1999-இல் வந்தது. 2006-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2014-இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தினார்கள். வளர்த்த கிழவர்கள் கலங்கிப்போனார்கள். அப்போது சோனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சிலர் ஏ-ஃபன் என்ற சிறு நிறுவனத்தில் உட்கார்ந்து அந்த நாய்களைப் பழுதுபார்த்தார்கள். உதிரிபாகம் ஏது? செயலிழந்த நாய்களிலிருந்து எடுத்ததுதான். எடுப்பதற்கு முன் சிபா மாகாணத்தில் இசுமி ஊரிலுள்ள கோஃபுகுஜி கோயிலில் வைத்து முறைப்படி பிரார்த்தனை செய்தார்கள். கழுத்தில் சொந்தக்காரரின் பெயர்ச்சீட்டோடு வரிசையாக நாய்கள், எதிரே குருக்கள். படத்தில் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்கும் மேலொப்பம் இதுதான், தம்பி. நிறுவனம் கைவிட்டபோதும் 'இது நாங்கள் செய்த பொருள்' என்று நாலு பேர் வந்து நின்றார்கள்.

தோக்கியோவில் நிஹோன்பாஷியில் 2021 முதல் நிலையாக ஓர் உணவகம் நடக்கிறது. ஓரிஹிமே என்ற ரோபோ உங்களிடம் பேசும், காப்பி கொண்டுவரும். அதன் வழியாகத் தொலைவிலிருந்து பேசுபவர் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத மாற்றுத்திறனாளி. பேசுவது யார் என்பதை மறைப்பதில்லை. அந்த ரோபோ தவறி மன்னிப்புக் கேட்டால் நானும் ஏற்றுக்கொள்வேன்.

#15 தேக்காவாசி (சிங்கப்பூர்)

இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை, நன்றி. நிலா, இழப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அம்மாவிடம் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். அது பாட்டுப் போட்டால் இன்னும் ரசிக்கிறார். துண்டை மூடியிருக்கும்போதும் கால் தாளம் போடுகிறது என்று அங்குள்ள தாதி சொல்லிச் சிரித்தார்.

துண்டுக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கிறது. கேமரா. "அது பார்த்தால் பார்க்கட்டும். பார்த்ததை யாரிடம் போய்ச் சொல்லும்?" என்கிறார். இங்கே 2020 மே மாதம் பீஷான் பூங்காவில் நான்கு கால் ரோபோ ஒன்று இடைவெளி விட்டு நடக்கும்படி அறிவித்துக்கொண்டு திரிந்தது. 2021 செப்டம்பரில் தோ பாயோவில் சேவியர் என்று இரண்டு ரோபோக்கள் மூன்று வாரம் சுற்றின. புகைபிடிக்கக் கூடாத இடத்தில் புகைப்பவர்கள், அளவுக்கு மேல் கூட்டமாக நிற்பவர்கள் என்று பார்த்து அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்பும். அம்மா இரண்டையும் தொலைக்காட்சியில் பார்த்தவர். உடற்பயிற்சி சொல்லித்தரும் ரோபோவும் அதன் தம்பிதானே என்று நினைக்கிறார். தவறான எண்ணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தில் செவிலியர் சொன்ன 'பார்த்தேன்' பொத்தானையும் கேமரா பதிவு எங்கே போகிறது என்பதையும் கட்டாயம் கேட்கப்போகிறேன்.

#16 இயந்திரப்பித்தன் (ஜெர்மனி)

போகும் முன் இதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எஸ்டர்வுட், ராபர்ட் இருவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ரோபோ மனிதரோடு சேர்ந்து பெட்டிகளைக் கையாளும் வேலையில் மூன்று முறை தவறியது. மன்னிப்பு, மறுப்பு, விளக்கம், வாக்குறுதி எல்லாவற்றையும் சோதித்தார்கள். மூன்றாவது தவறுக்குப் பிறகு எதுவும் நம்பிக்கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. வைஃபையைச் சரிசெய்யாமல் மன்னிப்பு வசனத்தை மட்டும் மெருகேற்றினால் என்ன ஆகும் என்று மேலாளருக்கு இதை வைத்துச் சொல்லலாம்.

#17 செவிலி மதுரை

அந்தப் பொத்தான் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள் அக்கா. வேலை நெருக்கடியில் தாதிகள் பார்க்காமலே அழுத்திவிடுவார்கள். எங்கள் வார்டில் மானிட்டரை மௌனமாக்கும் பொத்தானுக்கு அந்தக் கதிதான். நேரில் போய் நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்தால்தான் அழைப்பு முடிந்ததாகக் கணக்கு என்று வைக்கச் சொல்லுங்கள்.

#18 தேக்காவாசி (சிங்கப்பூர்)

கூட்டம் முடிந்தது. எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

ரோபோவை விற்ற நிறுவனத்தின் பிரதிநிதி புதிய 'மன்னிப்பு முகபாவம்' ஒன்றைத் திரையில் காட்டினார், கண்ணீர்த்துளியோடு. நான் பேசுவதற்குள் முன்வரிசையில் இருந்த சீனப் பாட்டி ஒருவர் சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

முடிவானது இது. தலைசுற்றல், வலி போன்றவற்றை ரோபோவிடம் சொன்னால், அது முதலில் "தாதியைக் கூப்பிடுகிறேன், நீங்களும் மணியை அழுத்துங்கள்" என்று சொல்லும். ஒவ்வொரு நாற்காலியிலும் கம்பி இணைப்புள்ள அழைப்புமணி வரப்போகிறது. தாதி நேரில் வந்து கைப்பட்டையை ஸ்கேன் செய்த பிறகே 'தெரிவித்தேன்' என்று ரோபோ சொல்லும். கேமராவின் கண்ணில் படாதபடி உட்கார விரும்புபவர்களுக்குத் தனி வரிசை. பதிவுகள் எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு மட்டும் நேரடியான பதில் வரவில்லை. எழுதிக் கேட்டிருக்கிறேன்.

மேலாளர் அம்மாவை நேரில் பார்த்து, அன்று என்ன நடந்தது, எங்கே அறுந்தது என்று தமிழ்த் தாதி ஒருவர் மொழிபெயர்க்க விளக்கினார். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "மணி எந்தப் பக்கம் வரும்? எனக்கு இடது கை சரியாகத் தூக்க வராது" என்று கேட்டார். ரோபோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இதையெல்லாம் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

#19 கும்பகோணத்தார்

நல்லது அம்மா. அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்து இருக்கிறது?

#20 தேக்காவாசி (சிங்கப்பூர்)

மேலாளருடையது, ஐயா. பெயரும் நேரடி எண்ணும் இருக்கின்றன. விற்ற நிறுவனத்தின் தரப்பில் யாரும் போடவில்லை. திங்கட்கிழமைக்குள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மணி வலப்பக்கம் வருகிறது.